“சும்மா விசாரணைக்குத்தான்!”

“எழுந்து வாடா, சும்மா விசாரணைக்குத்தான். காலையிலே விட்டுடுவோம்.”

ஏழையின் குடிசை வாசலில், பெரும்பாலும் இருட்டிய பிறகு, போலீஸ்காரர் சொல்லும் வாசகம் இது. பெண்ணையாற்றங்கரையில் மணலூர்பேட்டைத் தெருக்களில் வாழும் விவசாயத் தொழிலாளிக்கும், மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் உழைக்கும் தொழிலாளிக்கும், கல்வராயன் மலையிலிருந்து கூலி வேலைக்கு இறங்கி வரும் மலைவாசிக்கும் இது புதிதல்ல. தை மாதம் ஐந்தாம் நாள் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு மணலூர்பேட்டை வருவார். ஆற்று மணலில் ஜனங்கள் திரள்வார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு சங்கிலி அறுந்து போனாலும் சரி, பண்ணைக்காரரின் மோட்டார் காணாமல் போனாலும் சரி, போலீஸ் ஜீப் முதலில் போய் நிற்பது கூலிக்காரன் வாசலில்தான்.

‘சும்மா விசாரணை’ என்று அழைத்துப் போகும் இந்த ஏற்பாடு எந்தச் சட்டத்தில் இருக்கிறது? எந்தச் சட்டத்திலும் இல்லை! இந்த ஒரு விஷயத்தைத் தொழிலாளி மக்கள் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். குற்றத்தைத் துப்புத் துலக்கப் போலீசுக்கு அதிகாரம் உண்டு. நாம் அதை மறுக்கவில்லை. திருடன் பிடிபட வேண்டும். நம் வீட்டுக் கோழியும் ஆடும்கூடத்தான் திருட்டுப் போகின்றன. ஆனால் ஒரு மனிதனை ஸ்டேஷனுக்குக் கொண்டு போவதற்குச் சட்டம் வகுத்த முறை உண்டு. அந்த முறையை விட்டு, எழுத்தில் ஒன்றுமில்லாமல், நேரம் குறிக்காமல், யாருக்கும் சொல்லாமல் ஓர் ஏழையை இழுத்துப் போவது விசாரணை அல்ல, ஆள் கடத்தல்.

இரண்டே வழி

2024 ஜூலை 1 முதல் பழைய கிரிமினல் நடைமுறைச் சட்டம் போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டம் அமலில் இருக்கிறது. தமிழ்த் தொழிலாளியின் வாயில் நுழையாத பெயர். பெயர் எப்படியிருந்தாலும், நமக்கு வேண்டியது அதன் சாரம்தான். போலீஸ் உங்களை அழைக்க அந்தச் சட்டத்தில் இருப்பது இரண்டே வழி.

முதல் வழி, எழுத்து மூலமான அழைப்பு. ஒரு குற்றத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியும் என்று போலீஸ் கருதினால், சாட்சியாக வரும்படி 179வது பிரிவின்கீழ் எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவும் அந்த ஸ்டேஷன் எல்லையிலோ அடுத்த ஸ்டேஷன் எல்லையிலோ இருப்பவருக்குத்தான். உங்கள் மீதே சந்தேகம் இருந்து, உடனே கைது செய்ய அவசியமில்லை என்றால், 35வது பிரிவின்கீழ் நோட்டீஸ் தர வேண்டும். அந்த நோட்டீசை மதித்து ஆஜராகிறவரைக் கைது செய்வதானால் அதற்குத் தனியாகக் காரணம் எழுதியாக வேண்டும். ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் கண்ணை மூடிக்கொண்டு கைது செய்யக்கூடாது என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. ஆனால் நோட்டீஸ் வந்தால் போகாமல் இருந்துவிடாதீர்கள். போகாமல் இருப்பதே கைது செய்யக் காரணமாகிவிடும்.

இரண்டாவது வழி, கைது. கைது என்றால் அதற்கும் முறை இருக்கிறது. கைது செய்கிறவரின் பெயர் கண்ணுக்குத் தெரியும்படி சட்டையில் இருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தாரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். அதை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும். டாக்டரிடம் காட்ட வேண்டும். அந்த மருத்துவச் சான்றின் நகல் கைதானவருக்கு உரியது. வக்கீலைப் பார்க்க அனுமதிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இந்தக் கடைசி உரிமை அரசியல் சட்டத்தின் 22வது ஷரத்திலேயே இருக்கிறது.

அழைப்புக்கு ஒரு காகிதம்; கைதுக்கு ஒரு காகிதம். இரண்டும் இல்லாத மூன்றாவது வழிக்குத்தான் ‘சும்மா விசாரணை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காகிதம் இல்லையென்றால் 24 மணி நேரக் கணக்கு எங்கிருந்து ஓடும்? இரவு எட்டு மணிக்கு இழுத்துப் போய், மூன்று நாள் அடித்து, நான்காம் நாள் காலை ஆறு மணிக்குக் கைது செய்ததாக எழுதினால், மாஜிஸ்திரேட் முன் எல்லாம் சட்டப்படி நடந்த மாதிரிதானே தோன்றும்? ‘சும்மா’ என்ற அந்தச் சிறிய சொல்லின் சூட்சுமம் இதுதான்.

அந்த இடைவெளியில் மாண்டவர்கள்

இது வெறும் சட்ட நுணுக்கமா? இல்லை, உயிர்ப் பிரச்னை.

1993 மார்ச். அன்று கள்ளக்குறிச்சியும் கம்மாபுரமும் ஒரே தென்னாற்காடு ஜில்லா. கம்மாபுரம் போலீஸ் சரகத்தில் முதனை கிராமத்தைச் சேர்ந்த குறவர் சமூகத்து உழைப்பாளி ராஜாக்கண்ணு, திருட்டு விசாரணை என்ற பெயரில் கொண்டு போகப்பட்டார். ஸ்டேஷனில் அடித்துக் கொன்றுவிட்டு, ‘தப்பி ஓடிவிட்டான்’ என்று கதை கட்டினார்கள். அவருடைய மனைவி விடவில்லை. ஊரில் இருந்த கம்யூனிஸ்ட் தோழர்கள் துணை நின்றார்கள். வக்கீல் கே. சந்துரு ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்தார். ‘ஓடிப்போனவன்’ பிணமாகக் கிடந்தது வெளிச்சத்துக்கு வந்தது. போலீசாருக்குத் தண்டனை கிடைக்கப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. 2006இல்தான் அது முடிந்தது. 2021இல் வந்த ‘ஜெய் பீம்’ படத்தில் நாடே பார்த்துக் கண்ணீர் விட்டது இந்த வழக்கின் கதையைத்தான்.

அது பழைய காலம் என்று சொல்ல முடியுமா? 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த தகப்பனும் மகனும், ஜெயராஜும் பென்னிக்ஸும், போலீஸ் அடியால் மாண்டார்கள். 2025 ஜூனில் சிவகங்கை ஜில்லா மடப்புரம் கோயிலில் காவலாளியாக இருந்த அஜித்குமார் என்ற இளைஞர், நகை காணோம் என்ற புகாரின்பேரில் விசாரணைக்கென்று கொண்டு போகப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார். மூன்று சம்பவங்களிலும் மாண்டவர்களை எந்தக் கோர்ட்டும் குற்றவாளி என்று சொன்னதில்லை. சொல்வதற்கு உயிரோடு விட்டால்தானே!

நம் ஊருக்கு அருகில் திருக்கோவிலூர்ப் பக்கத்தில் தி.மண்டபம் இருளர் குடியிருப்பை மறக்க முடியுமா? 2011 நவம்பரில் ஓர் இரவு, திருட்டு விசாரணைக்கென்று வந்த போலீசார் தங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் மானபங்கம் செய்ததாக நான்கு இருளர் பெண்கள் புகார் கொடுத்தார்கள். சூரியன் மறைந்த பிறகு பெண்களைக் கைது செய்யக்கூடாது என்ற விதி அன்றும் புத்தகத்தில் இருந்தது. அந்த இரவில் அதைப் படித்துக் காட்ட அந்தக் குடியிருப்பில் யார் இருந்தார்கள்?

யாரைக் கூப்பிடுகிறார்கள்?

பெரிய வீட்டு வாசலில் இந்த ‘சும்மா விசாரணை’ நடப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். வங்கியில் கோடி கோடியாகக் கடன் வாங்கி ஏப்பம் விட்டவரை இரவு எட்டு மணிக்கு ‘எழுந்து வாடா’ என்று யாரும் அழைப்பதில்லை. அவருக்கு முத்திரை போட்ட நோட்டீஸ் போகிறது, அவர் வக்கீலோடு வருகிறார், நாற்காலி போடுகிறார்கள். அது தவறு என்று நாம் சொல்லவில்லை. அதுதான் சட்டம்! அதே நோட்டீசும் அதே வக்கீலும் அதே நாற்காலியும் இருளருக்கும் குறவருக்கும் மலையாளிக்கும் சேரித் தொழிலாளிக்கும் ஏன் இல்லை என்பதுதான் நம் கேள்வி.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரத்திலேயே, கருணாபுரத்தில், மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். கணவனையும் மனைவியையும் ஒருங்கே பறிகொடுத்த வீடுகள் உண்டு. ஊரறிய விற்ற சாராயம் சட்டத்தின் கண்ணுக்கு மட்டும் தெரியாமல் போயிற்றா? அந்த வழக்கை உள்ளூர்ப் போலீசிடம் விட்டு வைக்க முடியாது என்று 2024 நவம்பரில் ஹைகோர்ட் அதை சி.பி.ஐ.க்கு மாற்றியது. காக்க வேண்டிய நேரத்தில் வராத ஜீப், கூலிக்காரனை இழுக்க மட்டும் தவறாமல் வருகிறது. ஏழைக்குச் சட்டம் தூரத்தில் இருக்கிறது. லத்தி பக்கத்தில் இருக்கிறது.

இந்த உரிமை யாரும் போட்ட பிச்சை அல்ல

“போலீசிடம் ஒப்புக்கொண்டான் என்றால் கேஸ் முடிந்தது” என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். தவறு. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் கோர்ட்டில் சாட்சியம் ஆகாது. இன்றைய சாட்சியச் சட்டத்தின் 23வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. இந்த விதி எப்படி வந்தது தெரியுமா? நம் முன்னோர்களின் எலும்பு முறிந்துதான் வந்தது.

கும்பினி ஆட்சியில் நமது சென்னை ராஜதானியில் நிலவரி வசூலிக்கக் குடியானவனைச் சித்திரவதை செய்தார்கள். விரல்களைக் கிட்டியில் வைத்து நெரித்தார்கள். கழுத்தைக் குனிய வைத்துக் கால் விரலோடு கயிற்றால் பிணைத்து வெயிலில் நிறுத்தினார்கள். அதற்கு அண்ணாந்தாள் என்று பெயர். வரி வசூலும் போலீஸ் அதிகாரமும் ஒரே ஆட்கள் கையில் இருந்தன. கூக்குரல் லண்டன் வரை எட்டி, சித்திரவதை விசாரணைக் கமிஷன் அமைக்க வேண்டியதாயிற்று. 1855இல் வந்த அதன் அறிக்கை வெள்ளைக்காரன் ஆட்சியின் முகத்திரையைக் கிழித்தது. அந்த அறிக்கையைப் படித்த கார்ல் மார்க்ஸ், 1857 செப்டம்பரில் ‘நியூயார்க் டெய்லி டிரிபியூன்’ பத்திரிகையில் இந்தியாவில் நடந்த சித்திரவதைகளைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். நம் தென்னாட்டுக் குடியானவனின் முறிந்த விரல், உலகத் தொழிலாளர்களின் ஆசான் எழுத்தில் இடம் பெற்றது!

அதன் பிறகுதான் 1861இல் வந்த கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில், போலீசிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்று எழுதினார்கள். அடித்து வாங்கிய வாக்குமூலத்துக்கு விலை இல்லையென்றால் அடிப்பது நிற்கும் என்று எண்ணினார்கள். நின்றதா? இல்லை. ஏன்? அந்த விதியிலேயே ஒரு சந்து இருக்கிறது. குற்றவாளி சொன்ன தகவலின்பேரில் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்த அளவுக்கு மட்டும் அவன் சொன்னது சாட்சியமாகும். அந்தச் சந்தில் நுழையத்தான் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். கை நாட்டு வாங்குகிறார்கள். பிறகு அந்தத் தாள், ‘என்னைக் கூட்டிச் சென்றால் நகையைக் காட்டுகிறேன்’ என்று பேச ஆரம்பித்துவிடுகிறது!

ஆகவே, வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். போலீஸ் விசாரணையில் நீங்கள் சொல்வதை எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் உங்கள் கையெழுத்தே தேவையில்லை என்று சட்டம் சொல்கிறது. கைதுக் குறிப்பில் போடலாம், அதில் தேதியும் நேரமும் சரியாக இருந்தால். அடிதாங்காமல் போட்டுவிட்டால்? மாஜிஸ்திரேட் முன் நிற்கும்போது அதைச் சொல்ல வேண்டும். “அடித்தார்களா?” என்று மாஜிஸ்திரேட் கேட்கும்போது பக்கத்தில் நிற்கும் போலீசைப் பார்த்துப் பயந்து “இல்லீங்க ஐயா” என்று சொன்னால், பிறகு அந்தக் காயத்துக்குச் சாட்சியே இல்லாமல் போய்விடும்.

பெண்களுக்கும் முதியவர்களுக்கும்

பெண்ணைச் சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக்கூடாது. 15 வயதுக்குட்பட்ட பையனையும், 60 வயதுக்கு மேற்பட்டவரையும், ஊனமுற்றவரையும், கடும் நோயாளியையும் அப்படியே. போலீஸ்தான் அவர்கள் வீட்டுக்கு வந்து கேட்க வேண்டும். 1978இல் சுப்ரீம் கோர்ட் இதை ஓங்கிச் சொன்னது. அந்த வழக்கில் ஸ்டேஷனுக்கு அழைக்கப்பட்ட பெண் யார்? ஒரிசாவின் முன்னாள் முதலமைச்சர் நந்தினி சத்பதி! முதலமைச்சராக இருந்தவருக்குக் கிடைத்த அந்த உரிமை, நாற்று நடும் பெண்ணுக்கும் அரிசி ஆலையில் நெல் புடைக்கும் பெண்ணுக்கும் ஓர் அணுவும் குறையாமல் உண்டு.

பெண்ணைக் கைது செய்வதானால் சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் இடையில்தான் செய்யலாம். தவிர்க்க முடியாத விசேஷ நிலைமை என்றால், பெண் போலீஸ் அதிகாரி எழுத்தில் காரணம் கூறி, மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி பெற்றிருக்க வேண்டும். இரவில் ஜீப் வந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “மாஜிஸ்திரேட் உத்தரவு எங்கே ஐயா?”

புருஷன் கிடைக்கவில்லை என்று பெண்சாதியைப் பிடிப்பதும், மகன் கிடைக்கவில்லை என்று கிழவரைப் பிடிப்பதும் பச்சை அக்கிரமம். ஒருவருக்காக இன்னொருவரைப் பணயம் வைக்க எந்தச் சட்டமும் அனுமதிக்கவில்லை.

“சட்டம் பேசினால் அடி கூடும்”

இதையெல்லாம் படிக்கும் தோழர் ஒருவர் கேட்பார்: “ஏட்டில் எல்லாம் சரி. ஜீப் முன்னால் நின்று நான் பிரிவு எண் பேசினால், ‘வக்கீல் ஆயிட்டியாடா’ என்று இன்னும் இரண்டு அடி கூடத்தானே விழும்?”

நியாயமான கேள்வி. தனியாக நிற்கும் ஏழை சட்டம் பேசினால் அடி விழத்தான் செய்யும். அதை மறைத்து வீரம் பேசுவது நம் வழக்கமல்ல. ஆகவே பிடிபடுகிறவர் பேச வேண்டாம். முண்ட வேண்டாம், ஓட வேண்டாம். ஓடினால் ‘தப்பி ஓடினான்’ என்ற கதைக்கு நாமே முதல் வரி எழுதிக் கொடுத்தவர்களாவோம். பேச வேண்டியவர் பக்கத்து வீட்டுக்காரர். அவரும் சண்டைக்குப் போக வேண்டாம். மரியாதையாக மூன்று விஷயம் கேட்டால் போதும்: “ஐயா, எந்த ஸ்டேஷன்? உங்க பேர் என்ன? எந்தக் கேஸ்?” கேட்டுவிட்டு, மணி பார்த்து, ஜீப்பின் நம்பர் பார்த்து, ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பின்னாலேயே இரண்டு பேர் ஸ்டேஷனுக்குப் போய் வாசலில் நிற்க வேண்டும். ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நேரம் குறிக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால் ஓங்கிய லத்தி பாதியில் தயங்கும். எல்லாச் சமயத்திலும் தயங்கும் என்று சொல்லவில்லை. ஆனால் யாரும் பார்க்காத இடத்தில் அது ஒருபோதும் தயங்குவதில்லை.

முன்பெல்லாம் தோழர்கள் உடனே தபாலாபீசுக்கு ஓடி மாஜிஸ்திரேட்டுக்கும் ஜில்லா அதிகாரிக்கும் தந்தி கொடுப்பார்கள். ‘இன்னாரை இன்ன மணிக்கு இன்ன ஸ்டேஷன் போலீசார் பிடித்துச் சென்றனர்’ என்ற ஒரு வரித் தந்தி எத்தனையோ உயிரைக் காத்திருக்கிறது. அதிலிருந்த தேதியையும் நேரத்தையும் யாராலும் அழிக்க முடியாது. தந்தி 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. ஆனால் இன்று நம் பிள்ளைகள் கையில் செல்போன் இருக்கிறது. அதே ஒரு வரியை ஜில்லா போலீஸ் சூப்பிரண்டுக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் மனித உரிமைக் கமிஷனுக்கும் மின்னஞ்சலில் அனுப்பலாம். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வைக்கலாம். 15100 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்தால் சட்ட உதவி ஆணையம் வக்கீல் தரும். காவலில் இருப்பவர், பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர் ஆகியோருக்கு இந்த வக்கீல் இலவசம். இது 1987ஆம் ஆண்டுச் சட்டம் தரும் உரிமை. யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை.

இன்னொன்று: எல்லாப் போலீஸ் ஸ்டேஷன்களிலும் கேமரா பொருத்த வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. அடி வாங்கியவர் வெளியே வந்தவுடன் அந்தப் பதிவைக் கேட்டு மனுக் கொடுக்க வேண்டும். ‘கேமரா ரிப்பேர்’ என்று பதில் வந்தால், அந்தப் பதிலையும் எழுத்தில் வாங்க வேண்டும்.

நாம் புகார் கொடுக்கும்போது

காகிதம் அவர்கள் அழைக்கும்போது மட்டுமல்ல, நாம் போகும்போதும் வேண்டும். கூலி கேட்டதற்குப் பண்ணையாள் அடித்தான் என்றோ, மேஸ்திரி பெண்ணிடம் தகாத முறையில் நடந்தான் என்றோ புகார் கொண்டு போனால், “சரி போ, கூப்பிட்டுப் பேசுறோம்” என்று அனுப்பிவிடுகிறார்கள். பேசுவது ஸ்டேஷன் வேலையா? பிடித்து வழக்குத் தொடரத்தக்க குற்றம் என்று புகாரில் தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். எல்லை காரணம் சொல்லித் திருப்பக்கூடாது. அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். உடனே பதியாவிட்டால் சி.எஸ்.ஆர். என்ற மனு ரசீதையாவது வாங்காமல் ஸ்டேஷன் படி இறங்காதீர்கள். மறுத்தால் அதே புகாரைத் தபாலில் போலீஸ் சூப்பிரண்டுக்கு அனுப்புங்கள். அங்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட். தாழ்த்தப்பட்டோரையும் பழங்குடியினரையும் சாதியின்பேரில் வதைத்தால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது; புகாரில் சாதியைக் குறிப்பிட மறக்காதீர்கள்.

வாச்சாத்தி சொல்லும் பாடம்

கல்வராயன் மலைக்கு மேற்கே சித்தேரி மலை. அதன் அடிவாரத்தில் வாச்சாத்தி. நம் மலையில் வாழும் அதே மலையாளிப் பழங்குடி மக்கள்தான் அங்கும். 1992 ஜூன் 20ஆம் தேதி சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், ரெவினியூ சிப்பந்திகள் அந்தக் கிராமத்தைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலாத்காரம் செய்யப்பட்டார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், தானியத்தைக் கொட்டிக் கலந்தார்கள், ஆடு மாடுகளை அழித்தார்கள். பெண்களையும் குழந்தைகளையும் சேலம் சிறையில் அடைத்தார்கள். கெடுத்தவன் காவலன், கெட்டவள் கைதி!

சர்க்கார் மறுத்தது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று சாதித்தது. மலைவாழ் மக்கள் சங்கம் விடவில்லை. மார்க்சிஸ்ட் கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் தோழர் ஏ. நல்லசிவன் சுப்ரீம் கோர்ட் வரை போனார். 1995இல் ஹைகோர்ட் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. 269 பேர் மீது வழக்கு. 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி கோர்ட் தீர்ப்புச் சொன்னபோது 54 பேர் இறந்து போயிருந்தார்கள். மீதி 215 பேரும், ஒருவர்கூட விடாமல், குற்றவாளிகள் என்று தீர்ப்பு! 2023 செப்டம்பர் 29இல் ஹைகோர்ட் அதை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்ச ரூபாய் கொடுக்கவும், அதில் பாதியைப் பாலாத்காரக் குற்றவாளிகளிடமே வசூலிக்கவும் உத்தரவிட்டது.

முப்பத்தோரு ஆண்டுகள்! இது நீதியா, நீதி தாமதித்த கொடுமையா என்று கேட்பவர்களுக்கு நம்மிடம் பதில் இல்லை, இரண்டும்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். படிப்பில்லாத அந்தப் பெண்கள், வக்கீல்களின் குறுக்கு விசாரணையிலும் அதிகாரிகளின் மிரட்டலிலும் அசையாமல், வருஷக் கணக்கில் ஒரே சாட்சியத்தில் நின்றார்கள். சங்கம் அவர்கள் பின்னால் நின்றது. நடந்தது காகிதத்தில் ஏறியது. இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் வாச்சாத்தி என்ற பெயரே நமக்குத் தெரிந்திருக்காது.

இன்றே செய்ய வேண்டியது

கோர்ட் தீர்ப்புகள் தாமாக நம் தெருவுக்கு நடந்து வருவதில்லை. 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் கைது விதிகளைச் சுப்ரீம் கோர்ட் வரிசையாக வகுத்து, எல்லாப் போலீஸ் ஸ்டேஷன்களிலும் கண்ணில் படும்படி எழுதி மாட்டச் சொன்னது. அதன் பிறகுதான் சாத்தான்குளம். அதன் பிறகுதான் மடப்புரம். சுவரில் மாட்டிய விதி தானாகக் கீழே இறங்கி வந்து லத்தியைப் பிடிப்பதில்லை. பிடிக்க வேண்டிய கை நம்முடையது.

ஆகவே ஒவ்வொரு தெருவிலும் இரண்டு பேரை, அதில் ஒருவர் பெண்ணாக, இதற்கென்று நியமியுங்கள். ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் ஸ்டேஷன், போலீஸ் சூப்பிரண்டு, திருக்கோவிலூர் கோர்ட் சட்ட உதவிக் குழு, நமக்குத் தெரிந்த வக்கீல் ஆகியோரின் எண்களையும், கூடவே 15100ஐயும் எழுதி வையுங்கள். யாரையாவது அழைத்துப் போனால் பெயர், தேதி, மணி, ஜீப் நம்பர் எழுதுங்கள். 24 மணி நேரம் கடந்தும் ஆள் வரவில்லை, கோர்ட்டுக்கும் கொண்டு போகவில்லை என்றால், ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனுவுக்கு அந்த நோட்டே முதல் சாட்சி. ஆலை வாசலில், களத்து மேட்டில், நூறு நாள் வேலைக்குக் கூடிய பெண்களிடையே, இந்தக் கட்டுரையை ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்கட்டும்.

அடுத்த முறை இருட்டில் ஜீப் வந்து நின்று, “சும்மா விசாரணைக்குத்தான்” என்று குரல் கேட்டால், அந்தத் தெருவில் ஒரு விளக்கு மட்டும் எரியக்கூடாது. எல்லா வீட்டு விளக்கும் எரிய வேண்டும். எல்லாக் கதவும் திறக்க வேண்டும். ஒருவர் முன்னே வந்து பணிவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்க வேண்டும்:

“நோட்டீஸ் எங்கே ஐயா?”